ரெண்டரைக் கட்டையில் ஒரு புஸூக்கி

பெட்டியைத் திறந்ததும் பெரியப்பா முதலில் கேட்டது விலையை. அடுத்துக் கேட்டது, "இது எந்த ஊரு வாத்தியம்டா?"

"அயர்லாந்து, பெரியப்பா."

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு, பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி மாதம் ஒருமுறை வருவார். முப்பது வருஷத்துக்கு மேல் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாணம், காதுகுத்து, சர்ச் தேர்பவனி, சாவு, எதையும் விட்டதில்லை. மேல்வரிசையில் முன்பல் இரண்டு விழுந்ததோடு வாசிப்பை நிறுத்திவிட்டார். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் மேல்பல்லை ஊன்றித்தான் ஊத வேண்டும். பல் போனால் பிடிமானம் போச்சு.

புஸூக்கியை மடியில் வைத்து எட்டுக் கம்பிகளையும் ஜோடி ஜோடியாக ஒருமுறை தடவினார். "ம... ஸ... ப... ஸ" என்று மெல்லச் சொன்னார். "இது என்ன தம்புராவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கு?"

அப்போது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இது அயர்லாந்து வாத்தியமும் இல்லை. கிரேக்கத்திலிருந்து போனது. கிரேக்கத்துக்குத் துருக்கிப் பக்கமிருந்து வந்தது. அயர்லாந்துக்குப் போய் அறுபது வருஷம்தான் ஆகிறது.

"அப்ப நம்ம கிளாரினெட்டு கதைதான்னு சொல்லு" என்றார்.

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் படித்தேன். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

*

துருக்கியில் சாஸ் என்றொரு நரம்புக் கருவிக் குடும்பம் உண்டு. நீளக் கழுத்து, சின்னக் குடம். துருக்கி மொழியில் 'பொஸுக்' என்றால் கெட்டுப்போனது, ஒழுங்கு குலைந்தது என்று பொருள். சாஸுக்கு சுருதி கூட்டும் ஒரு முறைக்கு அந்தப் பெயர் இருந்தது. அதிலிருந்துதான் புஸூக்கி என்ற சொல் வந்தது என்பார்கள். 1922-இல் கிரேக்கம் துருக்கியிடம் போரில் தோற்றது. அடுத்த வருஷம் இரண்டு நாடுகளும் மக்கள் பரிமாற்றத்துக்குக் கையெழுத்திட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் சின்ன ஆசியாவை விட்டு அகதிகளாக வந்தார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏற்கெனவே இருந்த கூலிக்காரர்களோடும் கஞ்சாப் புகையோடும் அவர்களின் பாட்டு கலந்தது. ரெபெட்டிகோ என்று அதற்குப் பெயர். மார்கோஸ் வம்வகாரிஸ் (1905–1972) போன்ற கறிக்கூடத் தொழிலாளிகள் அதன் நாயகர்கள். புஸூக்கி அதன் வாத்தியம். 1936-இல் வந்த மெட்டாக்ஸாஸின் சர்வாதிகாரம் இந்தப் பாட்டுகளைத் தணிக்கை செய்தது. மரியாதைப்பட்ட கிரேக்க வீடுகளில் புஸூக்கி என்பது ஜெயிலுக்குப் போகிறவன் வைத்திருக்கும் சாமான். பிற்பாடு அதுவே கிரேக்க நாட்டின் அடையாளமாகி, சுற்றுலா போஸ்டர் வரைக்கும் வந்துவிட்டது. அது தனிக் கதை.

அயர்லாந்துக்கு அதைக் கொண்டுவந்தவர் என்று எல்லோரும் சொல்லும் பெயர் ஜானி மோய்னிஹன். 1960-களின் நடுப்பகுதி. 1966-இல் தொடங்கிய 'ஸ்வீனீஸ் மென்' குழுவில் அதை வாசித்தார். கிரேக்க சுருதியை விட்டுவிட்டு ஜி, டி, ஏ, டி என்று கூட்டினார். டியை ஆதார ஷட்ஜமாக வைத்தால், பெரியப்பா சொன்ன அதே ம, ஸ, ப, ஸ. அவர் கூட்டாளி ஆண்டி இர்வைன் அதை எடுத்துக்கொண்டார். இர்வைனிடமிருந்து டோனல் லனி. 1972-இல் தொடங்கிய 'பிளாங்ஸ்டி' குழுவில் இந்த இருவரும் இருந்தார்கள். லனிக்காக பீட்டர் அப்னெட் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் முதுகு தட்டையான ஒரு புஸூக்கியைச் செய்து கொடுத்தார். கிரேக்கப் புஸூக்கியின் முதுகு நம் வீணைக்குடம் மாதிரி உருண்டை. நின்றுகொண்டு வாசிப்பவனுக்கு வயிற்றில் வழுக்கும். தட்டை முதுகு அந்தத் தொந்தரவைத் தீர்த்தது. கிரேக்கர்கள் தடித்த கம்பியோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பியைச் சேர்த்துக் கட்டுவார்கள். அயர்லாந்தில் பலரும் ஜோடிக் கம்பிகள் இரண்டையும் ஒரே ஸ்தாயியில் கட்டினார்கள். 'டி டானன்' குழுவின் அலெக் ஃபின் மட்டும் கடைசிவரை மூன்று ஜோடிக் கம்பி கொண்ட கிரேக்கப் புஸூக்கியையே வைத்துக்கொண்டார்.

பத்தே வருஷம். எங்கள் தொழிலில் சொன்னால், யாரோ எழுதிய நிரலை எடுத்து, மூன்று வரி மாற்றி, புதுப் பெயரில் ஓடவிட்டார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது? டப்ளினில் ஒரு வாடிக்கையாளர் வேலைக்காகப் பதினாலு மாதம் இருந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. வியாழக்கிழமை இரவுகளில் பப்பின் மூலையில் எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஃபிடில், புல்லாங்குழல், பை நிறையக் காற்றை அடைத்து வாசிக்கும் இல்லன் பைப்ஸ். எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பார்கள். மேற்கத்திய இசை என்றதும் நாம் நினைக்கிற கார்டு சமாச்சாரம் அந்தப் பழைய மெட்டுகளில் கிடையாது. நம்முடையதைப் போலவே ஒற்றைக் கோட்டு இசை. மெட்டுகள் பெரும்பாலும் சங்கராபரணம், ஹரிகாம்போஜி, கரஹரப்ரியா என்று நாம் சொல்லக்கூடிய சுவர வரிசைகளில் நகரும். பைப்ஸில் ஓயாமல் ஒரு ஆதார சுருதி கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பக்கத்தில் கிட்டாரைக் கொண்டுபோய் முழுக் கார்டு அடித்தால் என்ன ஆகும்? கார்டுக்குள் ஒரு காந்தாரம் உட்கார்ந்திருக்கிறது. பெரிய காந்தாரமா சின்னதா என்று கிட்டார்க்காரன் முதலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறான். மெட்டோ இரண்டுக்கும் நடுவில் ஊசலாட ஆசைப்படும். புஸூக்கியின் திறந்த கம்பிகளில் காந்தாரமே இல்லை. ஷட்ஜமும் பஞ்சமமும், கூட ஒரு மத்யமமும். 'எந்தக் காந்தாரம் என்று நீயே சொல்லிக்கொள், நான் தரையை மட்டும் விரித்து வைக்கிறேன்' என்று அது மெட்டிடம் சொல்கிறது. தம்புரா செய்வதும் இதைத்தானே. தாளமும் பழகிய வீடுதான். ஜிக் என்ற ஆட்ட மெட்டுக்கு வலது கையை 'கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ்' என்று ஓட்ட வேண்டும். நம் திஸ்ர நடை. முதல் நாள் எனக்கு வந்த ஒரே விஷயம் அதுதான்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். வட்டத்தில் ஃபிடில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். புஸூக்கியோ கிட்டாரோ ஏற்கெனவே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் நீங்கள் பெட்டியைத் திறக்கக்கூடாது. இரண்டு பேர் இரண்டு விதமாகத் தரை விரித்தால் மெட்டு இடறிவிடும். பல வியாழக்கிழமைகள் பெட்டியைத் திறக்காமலே வீடு திரும்பியிருக்கிறேன். பக்கவாத்தியம் என்ற சொல்லின் எடை அங்கே தெரிந்தது.

*

இப்போது நம் ஊர்.

விருந்தாளியாக வந்த வாத்தியம் என்றால் எல்லோரும் வயலினைச் சொல்வார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். அந்தக் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு அண்ணன் செய்த நோட்டு ஸ்வரங்கள் சுமார் நாற்பது. ஸ்காட்லாந்துக் குதியாட்ட மெட்டுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டதும் அதில் உண்டு. அதாவது நான் டப்ளினுக்குப் போய்த் தேடிய இசையின் உறவுக்கார மெட்டு ஒன்று இருநூறு வருஷம் முன்னாடியே இங்கே வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் ஸ்வாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார்.

வயலினிலும் புஸூக்கிக்கு நடந்ததே நடந்தது. சுருதியை ஸ, ப, ஸ, ப என்று மாற்றினார்கள். நின்று வாசிப்பதை விட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றினார்கள். தாடையால் பிடிக்கும் வேலை இல்லாததால் இடது கை விடுதலையாகிக் கம்பி முழுக்க வழுக்கியது. மெட்டு இல்லாத கழுத்து வேறு. கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? திருச்சி அந்தக் கருவிக்கு ஒரு தலைநகரம். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879–1931) இந்த ஊர்க்காரர். கொள்ளிடம் தாண்டினால் லால்குடி. தியாகராஜர் லால்குடிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் தனித்தனியாகப் பஞ்சரத்னம் செய்த வட்டாரம் இது. அங்கே லால்குடி ஜெயராமன் (1930–2013) வில்லைப் பாட வைத்தார். இன்று வயலின் மேல்நாட்டு வாத்தியம் என்று கச்சேரியில் யாராவது எழுந்து சொன்னால், பக்கத்து மாமி காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கமாட்டார்.

கிளாரினெட்டின் பாதை இவ்வளவு வழுவழுப்பாக இல்லை.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். கிளாரினெட் நம் காதுக்கு வந்த வழிகளில் அது ஒன்று. பட்டாளத்து பேண்டுகள் இன்னொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்ன மேளத்தில், அதாவது சதிராட்டத்துக்கு வாசிக்கும் குழுவில், முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து நின்றது. மகாதேவ நட்டுவனார் பெயரை இதற்குச் சொல்வார்கள்.

ஒரு பொறியாளனாக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாதஸ்வரத்தின் குழாய் கீழே போகப்போக அகலும் கூம்பு. அதில் அழுத்தி ஊதினால் அதே விரல்பிடியில் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஸ பிடித்தால் மேல் ஸ. கிளாரினெட்டின் குழாய் நேர் உருளை, ஒரு முனை வாயால் மூடியிருக்கிறது. அதன் இயற்பியல் வேறு. மேலே தாவும்போது இரட்டிப்பு அதிர்வெண்ணுக்குப் போகாது, மும்மடங்குக்குப் போகும். கீழே ஸ பிடித்த விரலில் மேலே போனால் வருவது ஸ இல்லை, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அதாவது ஒவ்வொரு ராகத்துக்கும் இரண்டு விரல் வரைபடம் மனப்பாடமாக வேண்டும், கீழுக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று. அது போதாதென்று வெள்ளிச் சாவிகள். சாவி திறக்கும், மூடும். பாதி திறக்கத் தெரியாது. கமகம் என்பதே பாதி திறப்பதில்தான் இருக்கிறது. விரல் நேராகத் துளையின் மேல் படும் இடம் முன்னால் ஆறு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. அந்த ஏழு துளைகளையும் உதட்டின் அழுத்தத்தையும் வைத்துத்தான் தோடி வாசிக்க வேண்டும்.

"தோடி வாசிப்பீங்களா பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறேன். "வாசிக்கிற மாதிரி வாசிப்பேன். நெஜமா வாசிச்சவரு ஏ.கே.சி." என்பார்.

ஏ.கே.சி. நடராஜன் 1931-இல் திருச்சியில் பிறந்தார். அப்பா சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட் வாசித்தவர். மகன் வாய்ப்பாட்டை ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடம் கற்றார். ஆலத்தூர் சகோதரர்களின் குரு அவர். நாதஸ்வரத்தை இலுப்பூர் நடேசப் பிள்ளையிடம் கற்றார். பாட்டும் நாதஸ்வரமும் உள்ளே போன பிறகு கிளாரினெட் வெளியே வந்தது. தவிலோடு உட்கார்ந்து பெரிய மேளக் கச்சேரியின் தோரணையில் வாசித்தார். பேண்டு செட்டின் கிளாரினெட் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நாதஸ்வரத்தின் மூச்சு கேட்டது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்றார். டி.என்.ஆர். வாயிலிருந்து இன்னொரு காற்று வாத்தியக்காரனுக்குப் பட்டம் வருவது சாதாரணமா?

இவர் சிறுவனாக இருந்த காலத்தில்தான் இன்னொரு விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. அடுத்த வருஷம் 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. சுருதிகளைச் சம அளவாக வெட்டி வைத்த பெட்டி, வழுக்கத் தெரியாது, இந்திய இசையைக் கெடுக்கும் என்பது வாதம். வானொலியின் மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938-லேயே அதைத் தாக்கி எழுதியிருந்தார். தாகூரும் எதிர்த்தார். 1971 வரை அந்தத் தடை நீடித்தது. விலகியபோதும் முழுக்க விலகவில்லை.

வாதத்தில் இயற்பியல் தப்பு எதுவும் இல்லை. ஹார்மோனியத்தால் கமகம் முடியாதுதான். ஆனால் அந்தக் கட்டைகளைத் தட்டித்தான் முப்பது வருஷமாக நம் நாடக மேடை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. அந்த மேடைக்காரன் எவனையும் யாரும் கேட்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. மெட்டு வைத்த என் புஸூக்கியாலும் கமகம் முடியாது. அயர்லாந்தின் ஃபிடிலும் பைப்ஸும் சுவரங்களை வழுக்கி, நெளித்து வாசிப்பவை. அவற்றின் நடுவே இது விறைப்பாகத்தான் நிற்கிறது. 'உன்னால் நெளிய முடியாது, வெளியே போ' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. 'உன்னால் என்ன முடியும்?' என்று கேட்டார்கள். தரை விரிக்க முடியும் என்றது. சரி, உட்கார் என்றார்கள்.

*

பெரியப்பா சொன்னதில் பாதி சரி என்றேன். சரியில்லாத பாதி இதுதான்: புஸூக்கி பத்து, பதினைந்து வருஷத்தில் வீட்டுப் பிள்ளையானது. கிளாரினெட் நூற்றைம்பது வருஷமாக இங்கே இருக்கிறது, இன்னும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

சென்னை மியூசிக் அகாடமி 1941-இல் துவாரம் வேங்கடசாமி நாயுடு என்ற வயலின் வித்வானுக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. ஏ.கே.சி. நடராஜனுக்குக் கொடுத்தது 2008-இல். நடுவில் அறுபத்தேழு வருஷம். பத்மஸ்ரீ 2022-இல் வந்தது, தொண்ணூறு வயதில். ராஜரத்தினம் பிள்ளைக்கு சங்கீத கலாநிதி கடைசிவரை வரவேயில்லை. அவர் வாசித்ததோ ஆயிரம் வருஷ மண்ணின் வாத்தியம் என்று நாம் மார் தட்டும் நாதஸ்வரம். ஆகவே மேல்நாட்டிலிருந்து வந்ததுதான் பிரச்சினை என்று சொல்ல வழியில்லை.

நான் இப்படிப் பார்க்கிறேன். வயலின் வந்ததும் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பாடகர் எங்கே போனாரோ அங்கே போனது. அரண்மனையிலிருந்து சபாவுக்கு, சபாவிலிருந்து வானொலிக்கு. கிளாரினெட் வந்ததும் சதிர் ஆடியவர்களோடு நின்றது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே சதிர் பரதநாட்டியமாகி சபா மேடைக்குப் போயிருந்தது. புது மேடையில் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் இடம் இருந்தது, கிளாரினெட்டுக்கு இடம் குறுகியது. மீதி கிளாரினெட்கள் எங்கே போயின? தெருவுக்கு. சிவப்புக் கோட்டும் ஜரிகைத் தோளணியும் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்கும் பிணத்துக்கும் முன்னால் நடந்தன. எந்த ஜாதிக்காரன் கையில் இருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்கிறது என்பதை வைத்துத்தான் வாத்தியத்துக்கு நாம் குடியுரிமை கொடுத்திருக்கிறோம். குழாயின் வடிவம், சாவி, சுருதி எல்லாம் அப்புறம் கண்டுபிடித்த காரணங்கள்.

அயர்லாந்தை சொர்க்கமாக்கவும் மனசில்லை. பைப்ஸ் வாசித்த நாடோடிக் குடும்பங்களை அந்த ஊரும் நன்றாக நடத்தியதில்லை. கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பப்பின் வட்டத்தில் பிளம்பரும் பேராசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மெட்டை வாசிக்கிறார்கள். புஸூக்கி அந்த பெஞ்சில் வந்து விழுந்தது. அது அதன் அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். கொட்டாவி விட்டார். "இது எங்களுக்குத் தெரியாததா? ஒரு கல்யாணத்துல வாசிச்சு முடிச்சுட்டு பந்திக்குப் போனா, 'பேண்டுக்காரங்களுக்குப் பொறவால போடுங்க'ன்னாங்க. அதே ஹால்ல கச்சேரி வயலின்காரருக்கு மொத எல." அவ்வளவுதான் சொன்னார். கோபம் கூட இல்லை.

அடுத்த முறை வந்தபோது பையில் கிளாரினெட் இருந்தது. பொய்ப்பல் கட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது, என்னிடம் சொல்லவில்லை. வாய்ப்பகுதியில் பல் வழுக்காமலிருக்க சைக்கிள் ட்யூபில் சின்னதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தார். ரீடை எச்சிலில் ஊறவைத்துக்கொண்டே, "ரெண்டரைக் கட்டை வையி" என்றார்.

என் புஸூக்கி ரெண்டு கட்டை. கேப்போவை முதல் மெட்டில் மாட்டினால் ரெண்டரை. மாட்டினேன். எட்டுக் கம்பியையும் மெதுவாக ஓட்டினேன்.

ஊதினார். முதலில் வெறும் காற்று. இரண்டாவது முறை கீச்சென்று ஒரு சத்தம், கீழ்வீட்டு நாய் குலைத்தது. நாலாவது முறை கீழ் ஷட்ஜம் நின்றது. கொஞ்சம் நடுங்கியபடி நின்றது.

"கல்யாணி பாக்கலாமா?" என்றேன் ஆசையாக.

வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணிக்கு அந்தத் தடிச்ச கம்பியத் தொட்டா அடிப்பேன். அது சுத்த மத்யமம். வேணாம், காம்போதி எடுப்போம். எல்லாக் கம்பியும் ஒதவும்."

நான் கையை நிறுத்தாமல் ம, ஸ, ப, ஸ என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயிக்குத் தாவும் இடத்தில் இரண்டு முறை தடுக்கினார். விரல் கீழ் வரைபடத்திலேயே நின்றுவிட்டது. "பன்னெண்டு வருஷமாச்சுல்ல" என்று முனகிவிட்டு மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தார்.